கம்பளம் வெளுப்போர் வாக்கு

விலை கொடுத்துப் பெறும் பொருள்கள் இருவகையின. ஒன்று கையாற் பார்த்துக் கொள்ளத்தக்கது. மற்றொன்று விலை பேசும்பொழுது இன்னும் பிறவாதது. அரிசியும் துணியும் முன்னதன் பாற்படும். அரிசியை அள்ளிப் பார்க்கலாம். துணியை வெளிச்சத்திற் பிடித்துப் பார்க்கலாம். தையலும் சலவையும் சுவருக்கு வண்ணம் பூசுதலும் பின்னதன் பாற்படும். இவற்றுக்கு விலை பேசும் நேரத்தில் வாங்குவோர் காண்பது தொழில் செய்வாரது வாக்கு ஒன்றையே. அவ்வாக்கு எத்தகையதாய் இருத்தல் வேண்டும் என்பதைக் கம்பளம் வெளுக்கும் தொழிலை வைத்து ஈண்டு ஆராயப் புகுகின்றோம். இத்துணைச் சிறு தொழிலைப்பற்றிக் கல்லூரி இதழில் எழுதவும் வேண்டுமோ என்று நண்பர் சிலர் நகைத்தல் கூடும். யாம் இதனை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் ஒன்று உண்டு. அது பின்னர் விளங்கும்.

நம் பாட்டியர் வீடுகளில் இத்தொழிலுக்கு வேலையில்லை. அங்கு விரித்திருந்தது பவானி ஜமக்காளம். அதனை மடித்துத் தோளிலிட்டு ஆற்றுக்குக் கொண்டுபோய்க் கல்லில் அடித்துத் துவைத்து மணலில் விரித்தால் மாலைக்குள் உலர்ந்துவிடும். சாயம் சிறிது போயிற்றென்றால் போயிற்று. துவைத்தவரும் வீட்டார், குறை காண்பவரும் வீட்டார்; ஆதலின் வாக்குக் கொடுப்பதற்கும் வாக்குத் தவறுவதற்கும் ஆங்கு இடமில்லை. இன்றோ ஓட்டல்களிலும், அலுவலகங்களிலும், தேவாலயத்தின் நடுவழியிலும், வசதி படைத்தோர் வீட்டுக் கூடங்களிலும் கம்பளங்கள் காணப்படுகின்றன. மிர்ஜாபூர், பதோஹி முதலிய வடநாட்டு ஊர்களில் நெய்யப்படும் கம்பளிக் கம்பளங்களும் உள. பொறியிற் செய்த நைலான் விரிப்புகளும் உள. தரையோடு ஒட்டிய விரிப்பை ஆற்றுக்குக் கொண்டுபோதல் யாங்ஙனம்? ஆகவே வெந்நீரைப் பீய்ச்சி உடனே அதனை உறிஞ்சியிழுக்கும் பொறியொன்றைத் தூக்கிக்கொண்டு வீடு தேடி வருவோர் தோன்றினர்.

அவர்களை நாம் அழைக்கும் முறையைக் கருதுவோம். தொலைபேசியில் ஒருவர் பேசுகின்றார். அறையின் நீளம் என்ன, அகலம் என்ன என்று வினவுகின்றார். கம்பளம் எந்நூலால் ஆயது, எத்தனை ஆண்டு மிதிபட்டது, அதன்மேல் என்ன கொட்டிற்று, கொட்டியதை யார் எதனால் துடைத்தார் என்று ஒன்றும் வினவுகின்றாரில்லை. சதுர அடிக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு விலையைச் சொல்லி, இறுதியில், “புத்தம் புதிது போல் ஆகிவிடும்” என்கின்றார். கைப்பேசியில் வரும் விளம்பரங்களும் இவ்வாறே. இரண்டு படங்கள்: முதற் படத்தில் அடுப்பங்கரித் துணி போன்ற கம்பளம், அடுத்த படத்தில் மாதுளம் பூப்போல் விளங்கும் கம்பளம். அது எந்நூல், எக்கறை, எத்தனை நாட் பழையது என்று படத்தின்கீழ் ஒரு சொல்லும் இராது.

புதிது போல் என்னும் இச்சொல்லே இத்தொழிலின் பெருந்தீங்கு என்பது எம் கருத்து. பத்தாண்டு மிதிபட்ட கம்பளம் புதிது போல் ஆவதில்லை. மக்கள் காலோடு வரும் நுண்மணல் இழைகளின் இடையே இறங்கி, அடிதோறும் அவற்றைக் கீறுகின்றது. கீறுண்ட இழை ஒளியை வேறு வகையாகச் சிதறச் செய்யும். எனவே வாயிலிலிருந்து நாற்காலி வரை நடந்த தடம், எவ்வளவு கழுவினும், சாம்பல் நிறமாகவே தோன்றும். அங்கே அழுக்கில்லை, இழை தேய்ந்திருக்கின்றது. கண்ணாடிச் சில்லைச் சாணைக்கல்லில் தேய்த்துவிட்டுப் பின் கழுவித் துடைத்தால் அது தெளியுமோ? வெளுப்பவர் மூன்று முறை நீர் பாய்ச்சியும் தடம் போகாமை கண்டு, வீட்டார் அவரைச் சோம்பேறி என்று எண்ணுகின்றனர்.

ஆகவே கம்பளத்திற் காணப்படும் குற்றங்களை மாசு, கறை, சேதம் என்று பிரித்தறிதல் வேண்டும். மாசு என்பது மேலே படிந்தது. அதிற் பெரும்பங்கு உலர்ந்த தூசியே. நீர் படுமுன் தூசியுறிஞ்சும் பொறியால் நன்றாக இழுத்தாலே அது போய்விடும். கறை என்பது இழைக்குள் ஏறிய நிறம். சேதம் என்பது இழையோ அதன் சாயமோ அழிந்தமை. முதலாவது போகும். மூன்றாவது போகாது. நடுவிலுள்ளதுதான் வழக்குக்கெல்லாம் பிறப்பிடம்.

நம் நாட்டு வீடுகளில் இவ்வழக்குக்கு முதற்காரணம் மஞ்சள் என்று நினைக்கின்றோம். குழம்பு சிந்தினால் எண்ணெய் போய்விடும், மஞ்சள் நின்றுவிடும். மஞ்சளில் உள்ள குர்குமின் என்னும் பொருள் இயல்பாகவே ஒரு சாயம். துணிக்கு நிறமூட்ட மக்கள் விரும்பிப் பயன்படுத்தியது. அதனைக் கறையென்பது நம் நோக்கு. இழையின் நோக்கில் அது சாயமேற்றியதே. இன்னும் ஒன்று. ஆலத்தி நீர் எவ்வாறு சிவக்கின்றது? மஞ்சளோடு சுண்ணாம்பு கலப்பதால். காரத்தன்மை வாய்ந்த பொருள் எதுவாயினும் மஞ்சளைச் சிவக்கச் செய்யும்; வெளுப்பவர் தெளிக்கும் சவர்க்காரமும் பெரும்பாலும் காரமே. அவர் தெளித்தவுடன் மங்கிய மஞ்சட் புள்ளி குருதி போலச் சிவந்து பரவுவதைக் கண்ட வீட்டம்மையார் அலறுவதில் வியப்பில்லை. “அம்மா, இது முதலில் சிவக்கும், அஞ்சவேண்டா, பின்னும் சிறிது நிறம் தங்கும், வெயில் பட்டால் நாளடைவில் மங்கும்” என்று தெளிக்குமுன் ஒரு வார்த்தை கூறியிருந்தால் அலறல் எதற்கு? மருதாணியும் இத்தகையதே. கம்பளி மயிரும் நம் நகமும் தோலின் மேற்பரப்பும் கெரட்டின் என்னும் ஓரினப் புரதத்தால் ஆயவை. ஆதலின் விரலிற் பற்றுவது போலவே அது கம்பளியிலும் பற்றும். விரலிற் பற்றியது நகம் வளர வளர நீங்கும்; கம்பளி வளர்வதில்லை.

மற்றொரு வழக்கும் உண்டு. வெளுப்பவர் வந்து போன அன்று கறை இல்லை. மூன்றாம் நாள் அது திரும்ப வந்துவிடுகின்றது. ஏமாற்றிப் போய்விட்டான் என்று வீட்டார் ஏசுகின்றனர். நிகழ்ந்தது என்னவெனில், கொட்டிய காப்பி இழையின் அடிவரை இறங்கியிருந்தது, மேலிருந்தது போயிற்று, அடியிலிருந்தது ஈரத்தோடு நுனிக்கு ஏறி வந்தது. அகல்விளக்கின் திரியில் எண்ணெய் ஏறுவதும் இவ்வியல்பினாலேயே. கம்பளத்தின் முதுகில் சணல் இருந்து மிகுதியாக நனைந்துவிட்டாலும், சணலின் பழுப்பு நிறம் இவ்வாறே மேலேறி வரும். இரண்டாம் முறை சிறிதளவு நீரால் துடைத்து விரைவில் உலர்த்தினால் இது பெரும்பாலும் தீரும். “மறுபடி தோன்றினால் சொல்லுங்கள், வந்து துடைத்துத் தருகின்றேன்” என்று முன்னமே சொன்னவரிடம் மக்களுக்கு மதிப்பு உண்டாகும். சொல்லாதவர் மூன்றாம் நாள் அதே செயலைச் செய்தாலும் பழுதுபட்ட வேலையைத் திருத்த வந்தவராகவே கருதப்படுவார்.

பட்டு என்று சொல்லி விற்கப்படும் விரிப்புகளைப் பற்றியும் ஒரு சொல். அவற்றுட் பல பட்டல்ல. மரக்கூழிலிருந்து செய்யப்படும் விஸ்கோஸ் என்னும் செயற்கையிழை. நனைந்தால் இவ்விழை தன் வலிமையில் ஏறக்குறையப் பாதியை இழந்துவிடும். உலர்ந்தபின் விறைத்து மஞ்சளிப்பதும் உண்டு. கடைக்காரர் சொன்ன பொய்க்கு வெளுப்பவர் தண்டம் கட்டுகின்றார்.

இனி, யாம் இதனை எழுதப் புகுந்த காரணத்தைக் கூறுகின்றோம். விடுதியின் பார்வையாளர் கூடத்தில் பழைய மாணவர் அளித்த கம்பளம் ஒன்று உண்டு. செந்நிறம், கம்பளி நூல். சென்ற ஆண்டு ஐப்பசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, விடுதி விதிக்கு மாறாக யாம் நால்வர் ஆங்கிருந்து தேநீர் பருகினோம். கோப்பை ஒன்று கவிழ்ந்தது. உடனே வெள்ளைத் துணியால் தேய்க்காமல் ஒற்றியெடுத்திருந்தால் பெரும்பகுதி போயிருக்கும். அஃது அன்று எமக்குத் தெரியாது. எம்முள் ஒருவர் குளியலறைக்கென்று வைத்திருந்த பிளீச்சிங் பவுடரை நீரிற் கரைத்துக் கொணர்ந்து ஊற்றினார், ஏனையோர் தேய்த்தோம். தேநீர்க் கறை மறைந்தது. மகிழ்ச்சியோடு படிக்கப் போனோம். காலையில் வந்து பார்த்தால் அவ்விடம் செம்மை நீங்கி மஞ்சளித்து நின்றது. அப்பொடி சாயத்தை அழிப்பதோடு கம்பளி மயிரையே அரிக்க வல்லது என்பதைப் பின்னரே கற்றோம். வாயிற்புறத்துத் தூசியைக் காலாற் கொணர்ந்து அதன்மேல் தேய்த்து, டீப்பாயை நகர்த்தி மறைத்தோம்.

இரு வாரத்தில் பழைய மாணவர் கூட்டம் வந்தது. காப்பாளர் ஐயா ஒரு கம்பெனிக்குத் தொலைபேசியில் சொன்னார். அதன் முதலாளி கம்பளத்தைப் பாராமலே மூன்று வாக்குறுதிகள் அளித்தாராம்: புதிது போல் ஆகும், ஒரு கறையும் தங்காது, மாலைக்குள் உலர்ந்துவிடும். மறுநாட் காலை ஒருவர் பொறியோடு வந்தார். ஐம்பது வயதிருக்கும். பொருள்களை நகர்த்த எங்களை அனுப்பியிருந்தனர். டீப்பாயை அகற்றியதும் அவர் மண்டியிட்டு அவ்விடத்தை விரலால் நெருடிப் பார்த்தார்.

“தம்பி, இங்கே ஏதாவது மருந்து ஊற்றினீர்களா?” என்றார்.

“தெரியாது, அண்ணா” என்று ஒருவர் சொன்னார். மற்ற மூவரும் வாய்மூடி நின்றோம்.

அவர் சிறிது நேரம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு, “முதலாளி என்ன சொல்லி ஒப்புக்கொண்டாரோ! இப்போது நான் போய் இது போகாது என்று சொன்னால், வேலைக்கு முன்னாலேயே சாக்குச் சொல்கிறாயா என்பார்கள்” என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு பொறியை முடுக்கினார்.

தூசி போயிற்று. தூசி மறைத்திருந்தது வெளிப்பட்டது. இரண்டு கையகல மஞ்சட் பரப்பு. உறிஞ்சு குழாய் அதன்மேற் சென்றபோது மயிர் கொத்துக் கொத்தாக எழுந்து வந்தது. வெளியே மழை. இத்தகைய பொறி கழுவிய கம்பளம் நல்ல காற்றோட்டத்திலேயே ஆறு மணி நேரம் முதல் ஒரு நாள் வரை ஈரமாயிருக்கும். வடகீழ்ப் பருவக் காற்றில் மாலைக்குள் உலர்வது எங்ஙனம்? கூட்டத்தன்று அதனைச் சுருட்டி ஒரு மூலையில் நிறுத்தினர். ஈர ஆட்டின் நாற்றம் கூடமெங்கும் வீசிற்று. முதலாளி வந்தார். தவறான மருந்தைப் போட்டுக் கெடுத்துவிட்டான் என்று காப்பாளர் முன்னிலையிலேயே அம்மனிதரை வைதார். கூலி வேண்டா என்றார். நட்டத்தை அவர் சம்பளத்திற் பிடிப்பதாகவும் சொன்னார். யாம் நால்வரும் தாழ்வாரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் நாள் காப்பாளரிடம் சென்று உண்மையை உரைத்தோம். எங்கள் தண்டனையைப்பற்றி ஈண்டு எழுதத் தேவையில்லை. அவர் அப்பொழுதே கம்பெனியை அழைத்தார். அந்த ஆள் இப்போது வேலைக்கு வருவதில்லை என்று விடை வந்தது. ஊர் எது, வீடு எங்கே என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அல்லது சொல்ல மனமில்லை. நால்வரும் சேர்த்த பணம் உறையோடு காப்பாளர் மேசையில் இன்றும் இருக்கின்றது.

குற்றத்தில் முதற்பங்கு எம்முடையது. அதனைக் குறைத்துக் கூற விழையவில்லை. வெளுப்பவர் வினவும்பொழுது உண்மை கூறாத வாடிக்கைக்காரர், நோயை மறைத்து மருந்து கேட்பவரை ஒப்பர். ஆயினும் எங்கள் பொய் மட்டும் இவ்வளவு தீங்கு விளைத்திராது. அம்மனிதர் தம் விரலாலேயே உண்மையைக் கண்டுகொண்டார். எங்கள் சொல் அவருக்குத் தேவையில்லை. தேவையாயிருந்தது அதனை எடுத்துச் சொல்லும் உரிமை. அவ்வுரிமையை அவர் வருமுன்னரே வேறொருவர் தொலைபேசியில் விற்றுவிட்டார். இது போகாது என்னும் ஒரே வாக்கியம், வேலைக்கு முன் கூறின் தொழிலறிவு. பின் கூறின் சாக்கு. இவருக்கோ முன் கூறினும் சாக்காகவே முடிந்திருக்கும். வாக்குக் கொடுப்பவர் ஒருவர், அதற்காக மண்டியிடுபவர் ஒருவர் என்றிருக்கும் வரையில் இத்தொழிலில் நேர்மை நிலைபெறாது. ஆதலின், மண்டியிட்டு வேலை செய்பவரே முதலிற் கம்பளத்தைப் பார்த்தல் வேண்டும். அவர் பார்த்துச் சொன்ன பின்னரே விலையும் வாக்கும் பேசுதல் வேண்டும் என்று யாம் வற்புறுத்துகின்றோம். இதற்கு ஆகும் நேரம் கால் மணி. வெள்ளைத் துணியை நனைத்துச் சிறிது பொழுது அழுத்தி எடுத்தாலே சாயம் ஓடுமா ஓடாதா என்பது தெரிந்துவிடும்.

வணிகர் இதற்கு ஒரு தடை கூறுவர். “போகாது என்று யாம் சொன்னால், போகும் என்று சொல்லும் அடுத்த கம்பெனிக்கு வாடிக்கைக்காரர் போய்விடுவாரே” என்பர். போவார், சிலர் போகவே செய்வார். மெய் கூறுதலால் நட்டமே இல்லை என்று ஆசை காட்ட யாம் விரும்பவில்லை. ஆனால் பொய் வாக்கால் வரும் வேலை யாருடைய கூலியினின்று ஈடு செய்யப்படுகின்றது என்பதை அவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வள்ளுவர் வணிகரைப்பற்றிய குறளைப் பொருட்பாலில் வையாது, அறத்துப்பாலில் நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தின் முடிவில் வைத்தனர். எங்கள் வகுப்பில் அவ்வதிகாரம் நடந்தபொழுது அவ்வைப்பு முறையின் நயத்தை ஆசிரியர் எடுத்துரைத்தார். யாம் அழகாகக் குறிப்பெழுதிக்கொண்டோம். கம்பளத்தின்மேல் தேநீர் கொட்டியது அதற்கடுத்த வாரம்.

இன்னொரு சாரார் எதிர்ப்பக்கத்திற் சாய்கின்றனர். வேலை தொடங்குமுன் ஒரு தாளை நீட்டிக் கையொப்பம் வாங்குவர். அதில் எதற்கும் பொறுப்பில்லை என்று எறும்பெழுத்தில் அச்சிட்டிருக்கும். சலவைக்கடைச் சீட்டுகளின் முதுகிலும் இதனைக் காணலாம். இஃது எதிர்பார்ப்பை நேர் செய்வதன்று, தப்பிக்கும் வழி. எல்லாம் போகும் என்பவருக்கும் எதற்கும் பொறுப்பில்லை என்பவருக்கும் ஒற்றுமை ஒன்றுண்டு: இருவருமே கம்பளத்தைப் பார்க்கவில்லை. பார்த்தவர், இவ்விடம் போகும், இது மங்கும், இது நிற்கும் என்று விரல் வைத்துக் காட்டுவார்.

சட்டமும் இல்லாமல் இல்லை. 1986 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2019 ஆம் ஆண்டுச் சட்டம், பொருள்களைப் போலவே சேவைகளைப் பற்றிய பொய் விளம்பரங்களையும் நிறுத்தச் சொல்ல இடந்தருகின்றது. ஆயினும் ஓர் அறைக் கம்பளத்துக்காக நுகர்வோர் மன்றம் செல்வார் எத்துணையர்? சென்றாலும், சம்பளம் பிடிக்கப்பட்டவரின் குறை அங்கே வருவதில்லை.

இவ்வாண்டு அக்கம்பளத்தை வெளுக்க வேறொருவர் வந்தார். காப்பாளர் அவரைத் தொலைபேசியில் விலை கேட்கவில்லை. வந்து பார்க்கச் சொன்னார். எங்களையும் உடன் நிற்கச் சொன்னார். வந்தவர் கம்பளத்தின் மூலையைப் புரட்டி முதுகைப் பார்த்தார், வாயிற் பக்கத்துத் தடத்தைக் கையால் தடவினார், மஞ்சட் பரப்பின் அருகில் வந்ததும், “இங்கே என்ன ஊற்றினார்கள்?” என்றார். பிளீச்சிங் பவுடர் என்றோம். அவர் ஒரு தாளில் மூன்று வரி எழுதினார்: தடம் மங்கும், முற்றும் போகாது, மஞ்சள் இடம் அப்படியே இருக்கும், மறுநாள் மாலை வரை மிதிக்க வேண்டா. காப்பாளர் அதிற் கையொப்பமிட்டார். மறுநாள் மாலை கம்பளம் உலர்ந்திருந்தது. டீப்பாயைப் பழைய இடத்தில் வைக்கப்போனோம். வேண்டா, சுவரோரம் இருக்கட்டும் என்று காப்பாளர் சொல்லிவிட்டார்.